இருட்டிலும் மழையிலும் பைக் ஓட்டுகிறவர்களுக்கு: கண்ணில் படும் பாதுகாப்பு உடுப்பை வாங்குவது எப்படி?

நவம்பர் மாத மாலை, ஆறரை மணி. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. பின்னால் வந்த சரக்கு வேன் என் வலது ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. இடது பக்கம் சேற்றில் விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்த டிரைவர் கை நடுங்கச் சொன்னார்: "தம்பி, சத்தியமா சொல்றேன், முன்னால வண்டி போறதே தெரியலப்பா."

அன்று நான் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டிருந்தேன். ஆனால் அது கருநீல ரெயின்கோட்டுக்கு உள்ளே இருந்தது. ரெயின்கோட்டின் பின்பகுதி தொங்கி டெயில் லைட்டையும் பாதி மறைத்திருந்தது. முதுகில் கறுப்புப் பை. அந்த டிரைவர் பொய் சொல்லவில்லை.

கை சரியான பிறகு ஒழுங்கான உடுப்பு வாங்கக் கிளம்பினேன். அதிலும் இரண்டு முறை ஏமாந்தேன். சாலையோரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கிய வெஸ்ட்டின் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத உடுப்பு) ஒளிரும் பட்டை இரண்டாவது துவைப்பில் உரிந்து வந்தது. கடையில் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கிய கறுப்பு ஜாக்கெட்டில் ஒளிர்ந்தது கம்பெனி பெயர் மட்டும்தான். மூன்றாவது முறை சரியாக வாங்கினேன். நீங்கள் முதல் முறையே சரியாக வாங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். இதில் சொல்லும் விலைகள் நான் வாங்கியபோதும் விசாரித்தபோதும் இருந்தவை. கடைக்குக் கடை மாறும்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் உங்கள் பயணத்தைக் கவனியுங்கள்

எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், வழியில் தெருவிளக்கு இல்லாத பகுதி எவ்வளவு, பை இருக்கிறதா, பின்னால் யாராவது உட்காருகிறார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பகலில் மட்டும் நகரத்துக்குள் ஓட்டுபவருக்கும் இரவு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் வருபவருக்கும் ஒரே உடுப்பு பொருந்தாது.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். சென்னையில் ஜூன் மாதம் ஆறரை தாண்டித்தான் சூரியன் மறையும். நவம்பரில் 5.40-க்கே மறைந்துவிடும். ஜூனில் வெளிச்சத்தில் வீடு திரும்பும் அதே ஆள் நவம்பரில் இருட்டில், மழையில் திரும்புகிறார். அவருடைய வேலை நேரம் மாறுவதில்லை என்பதால் இது அவர் மனதில் படுவதே இல்லை.

2. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று: இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் இரண்டையும் சேர்த்து 'ரேடியம்' என்று சொல்லிவிடுகிறோம். பளிச்சென்ற கிளிப்பச்சைத் துணியும் ரேடியம், லாரி பின்னால் ஒட்டும் ஸ்டிக்கரும் ரேடியம். ஆனால் இரண்டும் வேறு வேறு.

பளிச் நிறத் துணி ஃப்ளோரசென்ட் வகை. வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரியும் ஒளியாக வெளியே விடும். அதனால்தான் அது சாதாரண மஞ்சளைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது. அந்தி நேரத்திலும், மேகம் மூடிய பகலிலும் இது மிக நன்றாக வேலை செய்யும். இருட்டிய பிறகு புற ஊதாக் கதிர் இல்லை. ஆகவே அந்தப் பளபளப்பும் இல்லை. இரவில் அது ஒரு வெளிர் நிறத் துணி, அவ்வளவுதான்.

சாம்பல் நிறத்தில் இருக்கும் பட்டைதான் இரவுக்கானது. அதில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டகங்களோ பதிந்திருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அது திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கண்ணுக்கு அது எரிவதுபோலத் தெரியும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் பட்டை ஒளிரும். பக்கவாட்டுச் சந்திலிருந்து மூக்கை நீட்டும் காரின் ஹெட்லைட் உங்களை நோக்கித் திரும்பாத வரை அந்த டிரைவருக்கு உங்கள் பட்டை தெரியாது. அங்கே உங்களைக் காட்டுவது உங்கள் ஹெட்லைட்தான். எதிரே வருபவருக்கும் உங்களை முதலில் காட்டுவது உங்கள் ஹெட்லைட்தான். பட்டையின் முழுப் பலன் பின்னாலிருந்து வரும் வண்டிக்குத்தான். ஆகவே வாங்கும்போது முன்பக்கத்தைவிட முதுகுப் பக்கத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்? மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். டிரைவர் உங்களைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் 25 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. மணிக்கு 80-இல் வந்தால் 70 மீட்டரை நெருங்கும், ஈரத்தில் இன்னும் கூடும். கறுப்பு ரெயின்கோட் போட்டவரை டிம் லைட்டில் அந்தத் தூரத்தில் எந்த டிரைவராலும் பார்க்க முடியாது.

3. லேபிளைப் படியுங்கள்

நம் நாட்டில் சாதாரண பைக் ஓட்டிகள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. கடைகளில் எதையெதையோ அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஆனால் தரநிலைகள் இருக்கின்றன. இந்தியத் தரநிலை ஐஎஸ் 15809. சர்வதேச அளவில் ஈஎன் ஐஎஸ்ஓ 20471. உள்பக்க லேபிளில் இவற்றில் ஒன்று அச்சாகி இருக்க வேண்டும். வெறுமனே 'ஹை விசிபிலிட்டி' என்று மட்டும் இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

ஈஎன் ஐஎஸ்ஓ 20471 லேபிளில் 1, 2, 3 என்று வகுப்பு எண் இருக்கும். இரண்டாம் வகுப்புக்குக் குறைந்தது 0.50 சதுர மீட்டர் ஃப்ளோரசென்ட் துணியும், 0.13 சதுர மீட்டர் ஒளிரும் பட்டையும் வேண்டும். இந்த எண்ணைக் கடையில் எப்படிச் சரிபார்ப்பது? பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர் என்றால், 0.13 சதுர மீட்டர் என்பது 2.6 மீட்டர் நீளம். ஒரு டைலர் டேப்பை எடுத்துப் போய் வெஸ்ட்டைச் சுற்றியுள்ள பட்டைகளை அளந்து கூட்டுங்கள். மூன்றாம் வகுப்புக்கு 0.20 சதுர மீட்டர், அதாவது 4 மீட்டர். அதற்குக் கை வைத்த உடுப்பாகவும் இருக்க வேண்டும். நான் அளந்தபோது இரண்டாம் வகுப்பு என்று சொல்லி விற்ற ஒரு வெஸ்ட்டில் ஒன்றரை மீட்டர்கூட இல்லை.

இன்னொரு குழப்பம். ரைடிங் ஜாக்கெட்டுகளில் ஈஎன் 17092 என்றும் அதற்குப் பக்கத்தில் ஏ, ஏஏ, ஏஏஏ என்றும் போட்டிருப்பார்கள். அது கீழே விழுந்து சாலையில் தேய்ந்தால் துணி எவ்வளவு தாங்கும் என்பதற்கான மதிப்பு. கண்ணில் படுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் 6,800 ரூபாய்க்கு ஏமாந்தது இதில்தான்.

4. டார்ச் சோதனை

கடைக்காரர் வெஸ்ட்டை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுவார். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மொபைல் டார்ச்சைப் போட்டு, மொபைலை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடியுங்கள். கடையின் மறுகோடியில் வெஸ்ட்டைத் தொங்கவிடச் சொல்லிப் பாருங்கள். நல்ல பட்டை வெள்ளையாக எரியும். இப்போது டார்ச்சை மட்டும் கையை நீட்டி விலக்கிப் பிடியுங்கள். பட்டை சட்டென்று மங்க வேண்டும். மங்காமல் ஒரே மாதிரி மினுமினுத்தால் அது வெறும் வெள்ளிப் பூச்சு.

கையோடு ஒரு சிறிய தண்ணீர் பாட்டில் கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு பட்டையில் நாலு சொட்டு விட்டு மறுபடி பாருங்கள். மட்டமான கண்ணாடி மணிப் பட்டைகள் நனைந்ததும் அணைந்துபோகும். முப்பட்டக வகை (தேன்கூடு போன்ற கோடுகள் தெரியும், தொட்டால் பிளாஸ்டிக் போல இருக்கும்) மழையில் நன்றாகத் தாங்கும். நமக்கு ஆபத்து அதிகம் உள்ள மாதங்களில் மழையும் உண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

5. வெஸ்ட்டா, ஜாக்கெட்டா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் உங்களைக் காட்டும், விழுந்தால் காப்பாற்றாது. முழங்கை, தோள், முதுகு காப்பு வேண்டுமென்றால் ரைடிங் ஜாக்கெட்தான். அதன் காப்புத் தகடுகளில் ஈஎன் 1621 என்றும் லெவல் 1 அல்லது 2 என்றும் பொறித்திருக்க வேண்டும். லெவல் 2 அதிக அடியைத் தாங்கும். எண் எதுவும் இல்லாத ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தும் விற்கிறார்கள். ஜாக்கெட்டின் உள்பையைத் திறந்து தகட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்.

என் சிபாரிசு இது. ஜாக்கெட்டை வெயிலுக்கு ஏற்ற வலைத் துணியில், உடம்புக்குப் பொருத்தமாக, காப்பை மட்டும் பார்த்து வாங்குங்கள். கண்ணில் படுவதற்கு அதன் மேல் தனியாக ஒரு இரண்டாம் வகுப்பு வெஸ்ட். ஃப்ளோரசென்ட் நிறத்திலேயே ஜாக்கெட் கிடைக்கும். ஆனால் நம் வெயிலில் நிறம் வெளுத்தால் முழு ஜாக்கெட்டையும் மாற்ற முடியாது. வெஸ்ட்டை மாற்றலாம்.

லேபிள் உள்ள வெஸ்ட் எனக்கு 650 ரூபாய் ஆனது. 400-லிருந்து 900 வரை பார்த்தேன். சென்னையில் இருப்பவர்கள் பைக் கடைகளைவிடப் பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். அவர்கள் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர்கள் என்பதால் தரநிலை எண்ணைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். வலைத் துணி ஜாக்கெட் லெவல் 2 காப்புகளோடு 6,000-லிருந்து 12,000 வரை ஆகும். ஹெல்மெட்டுகளுக்கும் மற்ற பைக் பொருள்களுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு.

அளவு விஷயத்தில் கவனம். வெஸ்ட்டின் பக்கவாட்டு வெல்க்ரோவோ பட்டியோ இறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காற்றில் படபடக்கும் வெஸ்ட் பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கலாம். பக்கவாட்டில் வெறும் நாடா மட்டும் வைத்த வெஸ்ட் வேண்டாம். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதில் ஒன்றுமே தெரியாது.

நிறம்? பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையை. நகரத்தில் ஓட்டுபவர்கள் அதையே எடுங்கள். இரண்டு பக்கமும் வயலும் புளியமரமும் இருக்கும் சாலையில் தினமும் போகிறவர்கள் ஆரஞ்சை எடுக்கலாம். பச்சைப் பின்னணியில் கிளிப்பச்சை கரைந்துவிடும்.

6. ஹெல்மெட்

இங்கே சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவின்படி ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காரும் நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பு. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது.

முத்திரையை நம்பி விடாதீர்கள். ஸ்டிக்கராகவே அச்சடித்து ஒட்டுகிறார்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசுச் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும், உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் வரும். இரண்டு நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே செய்யுங்கள்.

வெள்ளையோ வேறு வெளிர் நிறமோ வாங்குங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் விபத்தில் சிக்கிய பைக் ஓட்டிகளையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. ஒளிரும் அல்லது பளிச் நிற உடுப்பு போட்டவர்களுக்கு அபாயம் 37 சதவீதமும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 சதவீதமும் குறைவாக இருந்தது. ஹெல்மெட்டின் நிறத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

பின்பக்கம் சின்னதாக ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டலாம். பெயின்ட் அடிக்க வேண்டாம், ஸ்டிக்கர் பசையைத் தின்னர் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். ஓட்டின் பிளாஸ்டிக் பலவீனமாகும். இரவுக்குத் தெளிந்த வைசர்தான்.

7. எல்லாவற்றையும் மறைக்கும் மூன்று: பை, ரெயின்கோட், பின்னால் உட்காருபவர்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். நான் விழுந்தது ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இல்லாததால் அல்ல, அது மறைந்திருந்ததால்.

ரெயின்கோட்: நானும் முதலில் டைலரிடம் கொடுத்து ஒளிரும் பட்டையைத் தைத்தேன். ஊசி போன துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே சட்டை நனைந்துவிட்டது. தைக்காதீர்கள். ரெயின்கோட்டுக்கு மேல் போடும்படி இரண்டு அளவு பெரிய வெஸ்ட் ஒன்றைத் தனியாக வாங்கி, ரெயின்கோட்டோடு சேர்த்தே மடித்து டிக்கியில் வையுங்கள். தனித்தனியாக வைத்தால் அவசரத்தில் வெஸ்ட்டை விட்டுவிடுவோம். புதிதாக ரெயின்கோட் வாங்குபவர்கள் கிளிப்பச்சையில், பட்டை வெப்பத்தில் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். 1,500-லிருந்து 3,000 ரூபாய். நீளமான கோட்டாக இல்லாமல் மேல்சட்டை, பேன்ட் எனத் தனியாக இருப்பது நல்லது. டெயில் லைட் மறையாது.

பை: முதுகில் மாட்டினால் வெஸ்ட்டின் பாதிக்கு மேல் போய்விடும். ஃப்ளோரசென்ட் நிற மழை உறை 300-லிருந்து 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மழை இல்லாத நாளிலும் அதைப் போட்டே வையுங்கள்.

பின்னால் உட்காருபவர்: மனைவியோ பிள்ளையோ ஏறி உட்கார்ந்தவுடன் உங்கள் முதுகு யாருக்கும் தெரியாது. பின்னால் வரும் லாரிக்குத் தெரிவது அவர்கள் முதுகுதான். ஆகவே ஒரே ஒரு வெஸ்ட்தான் இருக்கிறது என்றால் அதைப் போட வேண்டியவர் பின்னால் உட்காருபவர். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் வெஸ்ட்டுக்கு உள்ளே செருகிவிடுங்கள். சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் குறையும்.

வாங்கிய அன்று இரவே வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பை, ரெயின்கோட், ஆள் எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரை 50 மீட்டர் பின்னால் போய், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் எது எரிகிறதோ அதுதான் உங்களிடம் உண்மையில் உள்ள பாதுகாப்பு.

8. கை, கால், வண்டி

அசையும் இடத்தில் பட்டை இருந்தால் பார்ப்பவர் அது மனிதன் என்று சீக்கிரம் கண்டுகொள்கிறார். கணுக்காலில் கட்டும் ஒளிரும் பட்டி ஜோடி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சிக்னலில் நிற்கும்போதும் கால் ஊன்றும்போதும் இதுதான் முதலில் தெரிகிறது. கையுறையின் பின்புறம் ஒளிரும் துண்டு இருந்தால் கை காட்டித் திரும்புவது தெரியும்.

வண்டிக்கு ஒளிரும் டேப்: லாரிகளில் ஒட்டுவதுபோல் பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை. நல்ல டேப்பின் மேலேயே ஏஐஎஸ் 090 என்ற தரநிலை எண் அச்சாகியிருக்கும். ஸ்டிக்கர் கடையில் 'ரேடியம்' என்று கேட்டால் சில சமயம் ஒளிராத வெறும் கலர் வினைலைத் தருவார்கள். டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். நம்பர் பிளேட்டில் எதையும் ஒட்டாதீர்கள். சிவப்பு, நீல நிறத்தில் மின்னும் விளக்கு வேண்டாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரியும். பழைய வண்டியென்றால் பகலிலும் டிம்மில் போட்டு ஓட்டுங்கள். மழையில் சேறு படிந்த டெயில் லைட்டைத் துடைக்க ஒரு துணி டிக்கியில் இருக்கட்டும்.

9. செலவு, பில், காலம்

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: ஐஎஸ்ஐ ஹெல்மெட், ரெயின்கோட்டுக்கும் மேல் போடக்கூடிய பெரிய வெஸ்ட், பை உறை, கணுக்கால் பட்டி, வண்டிக்கு டேப். ஹெல்மெட் நீங்கலாக எனக்கு 1,400 ரூபாய்க்குள் முடிந்தது. கையுறையும் ஜாக்கெட்டும் அடுத்த போனஸில்.

பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் மாடல் பெயரும் அளவும் எழுதியிருக்க வேண்டும்; வெறும் 'ஜாக்கெட் 1' என்றிருந்தால் மாற்றித் தர மறுப்பார்கள். எனக்கு அப்படித்தான் மறுத்தார்கள். உள் லேபிளையும் ஹெல்மெட் முத்திரையையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். துவைக்கத் துவைக்க லேபிள் எழுத்து அழியும். இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் டார்ச் சோதனை, தண்ணீர்ச் சோதனை, உட்கார்ந்து பார்க்கும் சோதனை மூன்றையும் முடியுங்கள். அளவு மாற்றி வர எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. ஆகவே ஆகஸ்டில் ஆர்டர் போடுங்கள். அக்டோபரில் மழை தொடங்கிய பிறகு போனால் நல்ல அளவுகள் தீர்ந்திருக்கும்.

10. துவைப்பதும் மாற்றுவதும்

லேபிளில் அதிகபட்சம் எத்தனை முறை துவைக்கலாம் என்ற எண் இருக்கும். குளிர்ந்த நீர், சாதாரண சோப்புத் தூள், உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு மெதுவாக. பிளீச் வேண்டாம், துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், பட்டை மேல் இஸ்திரி கூடாது. நிழலில் காயப் போடுங்கள். வேலை நேரம் முழுக்க வெஸ்ட்டை வண்டிச் சீட்டின் மேல் போட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வெயில் சில மாதங்களிலேயே நிறத்தைத் தின்றுவிடும். புதிதாக வாங்கிய அன்று ஒரு சின்ன ஃப்ளோரசென்ட் துணித் துண்டை, அல்லது கூடவே வாங்கிய பை உறையின் உள்மடிப்பை, வெயில் படாமல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை வெஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். லேபிள் பார்த்து வாங்கிய என் முதல் வெஸ்ட்டைப் பதினான்காவது மாதம் மாற்றினேன்.